வீட்டு எஸ்பிரெஸோ மெஷின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்பிரெஸோ மெஷினோடு வரும் கையேடு பெரும்பாலும் நம் ஊரை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. சிக்கரி கலந்த தூள், போர்வெல் தண்ணீர், மின்வெட்டு, வடிதட்டை மொய்க்கும் எறும்பு ஆகியவற்றைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. ஆனால் மெஷின் வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இவற்றைத்தான். அந்தக் கேள்விகளும் பதில்களும் இங்கே.

என் மெஷினில் ‘15 பார்’ என்று அச்சிட்டிருக்கிறது. நண்பர் வீட்டில் ‘20 பார்’. அவருடையதுதான் உசத்தியா?

இல்லை. எஸ்பிரெஸோ இறங்கத் தேவையான அழுத்தம் சுமார் 9 பார். பெட்டியில் போட்டிருக்கும் 15, 20 எல்லாம் அந்தப் பம்ப் எட்டக்கூடிய உச்சம். நல்ல மெஷினில் உள்ளே ஒரு வால்வு மிகுதியான அழுத்தத்தைத் தொட்டிக்கே திருப்பிவிடும். 20 பாரில் உண்மையிலேயே காப்பி இறக்கினால் குடிக்க முடியாது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: மெஷினில் பம்ப் இருக்கிறதா? தண்ணீர்த் தொட்டி தனியாகக் கழன்று வந்தால் பெரும்பாலும் இருக்கிறது. தொட்டியே இல்லாமல், மேலே உள்ள கனமான திருகு மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் மெஷின் என்றால் பம்ப் இல்லை. அது நீராவியின் அழுத்தத்தால் மட்டும் ஓடுகிறது. அதில் மூன்று பார் கிடைப்பதே அரிது. 1901-இல் இத்தாலியின் லூயிஜி பெட்செரா காப்புரிமை பெற்ற மெஷினும் நீராவி அழுத்தத்தை நம்பியதுதான். இன்று நாம் எஸ்பிரெஸோ என்று சொல்கிற, மேலே பொன்னிற நுரை படிந்த காப்பி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அகில்லே காஜியாவின் நெம்புகோல் மெஷின்களோடு வந்தது. பம்ப் இல்லாத மெஷினில் கிடைப்பது திடமான டிகாக்‌ஷன். பாலில் கலந்து குடிக்க அது நன்றாகவே இருக்கும். அதிலிருந்து எஸ்பிரெஸோவை எதிர்பார்த்து மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம்.

வீட்டில் இருக்கும் ஃபில்டர் காப்பித் தூளையே போடலாமா?

சிக்கரி கலந்ததென்றால் வேண்டாம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். நம் உணவுச் சட்டப்படி காப்பி-சிக்கரி கலவையில் காப்பி 51 சதவீதம் இருந்தாலே போதும். மிச்சம் 49 சதவீதம் வரை சிக்கரியாக இருக்கலாம்.

சிக்கரி வேர், காப்பிக்கொட்டையைவிட மிக அதிகமாகத் தண்ணீரில் கரையும். பித்தளை ஃபில்டரில் தண்ணீர் தன் எடையால் சொட்டுச் சொட்டாக இறங்குவதால் அந்தக் குணம் நமக்கு உதவுகிறது. டிகாக்‌ஷன் கறுப்பாக, கெட்டியாக வருகிறது. மெஷினிலோ சூடான தண்ணீர் அழுத்தத்தோடு வந்து மோதும்போது, கரைந்த சிக்கரி பிசுபிசுப்பாகிச் சல்லடையின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கிறது. பம்ப் முனகும், கப்பில் ஒன்றும் விழாது, தூளைப் போட்டு மெஷினில் மாட்டும் கைப்பிடிக்குள் அழுத்தம் அப்படியே நிற்கும். அந்த நிலையில் கைப்பிடியைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

சிக்கரி இல்லாத தூள் என்றாலும் ஃபில்டருக்கு அரைத்தது எஸ்பிரெஸோவுக்குப் பெரும்பாலும் கரகரப்பாகவே இருக்கும். உங்கள் மெஷினோடு வந்த சல்லடைக் கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே நூற்றுக்கணக்கான துளைகள் இருந்தும், அடியில் ஒரே ஒரு ஊசித் துளை மட்டும் தெரிந்தால் அது இரட்டை அடிக் கிண்ணம். அந்தத் துளையே அழுத்தத்தை உண்டாக்கிவிடுவதால் கடைத் தூளையும் அது சமாளிக்கும். அடியிலும் துளைகள் நிறைந்திருந்தால் ஒற்றை அடி. அதற்குக் கொட்டையை நீங்களே அரைத்தாக வேண்டும்.

மிக்ஸியில் அரைக்கலாமா?

கூடாது. மிக்ஸியின் கத்தி பாதியை மாவாக்கி, பாதியைக் குருணையாக விட்டுவிடும். ஒரே கிண்ணத்துக்குள் மாவு கசக்கும், குருணை புளிக்கும். பற்சக்கரங்களுக்கு நடுவில் நசுக்கி அரைக்கும் கிரைண்டர் வேண்டும். கையால் சுற்றுவதே போதும். மொத்தப் பணத்தில் எதற்கு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: மெஷினில் ஒரு படி இறங்குங்கள், கிரைண்டரில் ஒரு படி ஏறுங்கள்.

எந்தக் கொட்டை வாங்குவது?

பாக்கெட்டில் வறுத்த தேதி இருக்கும் கொட்டையாக வாங்குங்கள். வறுத்து ஒரு வாரமாவது ஆறவிட்டு, ஒன்றரை மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அன்றைக்கே வறுத்ததில் கரியமிலவாயு அடைந்திருக்கும். காப்பி நுரைத்துத் தள்ளுமே தவிர ருசி நிற்காது. சிக்கமகளூர், குடகு, ஏற்காடு, பழனி மலை எல்லாமே நல்ல அராபிகா வகைக் காப்பி விளையும் இடங்கள். பாலோடு குடிப்பவர்கள் வயநாட்டு ரோபஸ்டா வகையைக் கால் பங்கு சேர்த்துப் பார்க்கலாம். கிரீமா, அதாவது மேலே படியும் பொன்னிற நுரை, தடிமனாக நிற்கும், பாலுக்கு நடுவிலும் காப்பி தெரியும். இத்தாலியர்களும் தங்கள் கலவைகளில் நம் ரோபஸ்டாவைச் சேர்ப்பவர்கள்தான், எனவே கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கண்ணாடி மாதிரி எண்ணெய் மின்னும் கறுத்த கொட்டையைத் தவிர்த்துவிடுங்கள். கிரைண்டரில் ஒட்டிக்கொண்டு சிக்கலாகும்.

தூள் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

தொடங்குவதற்கு ஒரு கணக்கு: 18 கிராம் தூள், கப்பில் 36 கிராம் காப்பி, பம்ப் ஓடத் தொடங்கியதிலிருந்து 25 முதல் 30 விநாடி. உங்கள் கிண்ணம் சிறியதென்றால் அது கொள்ளும் அளவைப் போட்டு, அதைப் போல இரண்டு மடங்கு காப்பி இறக்குங்கள். தசம எடை காட்டும் சின்னத் தராசு ஒன்று அவசியம். கரண்டிக் கணக்கு இங்கே எடுபடாது, ஏனென்றால் ஒரு கிராம் கூடினாலே இறங்கும் வேகம் மாறிவிடும்.

தூளைப் போட்டதும் மெல்லிய கம்பியாலோ ஊசியாலோ அடிவரை கிளறிக் கட்டிகளை உடையுங்கள். பிறகு டாம்பரால் (தூளை அழுத்தும் தட்டையான அடியுள்ள கருவி) மட்டமாக அழுத்துங்கள். எவ்வளவு பலமாக என்பது பெரிய விஷயமில்லை; தூள் இதற்கு மேல் இறங்காது என்னும் வரை போதும். ஆனால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் தண்ணீர் மேடான பக்கத்தை விட்டுவிட்டுப் பள்ளமான பக்கமாகவே ஓடிவிடும்.

இப்போது பொத்தானை அழுத்திவிட்டுக் குனிந்து பாருங்கள். முதல் ஐந்தாறு விநாடி ஒன்றும் வராது, பம்பின் உறுமல் மட்டும் கேட்கும். பிறகு கைப்பிடியின் வாயில் கரும்பழுப்பில் ஒரு துளி திரண்டு, தயங்கி, விழும். அடுத்த துளி விழுவதற்குள் அது நூலாக நீளும். நூலின் நிறம் கரும்பழுப்பிலிருந்து செம்பழுப்புக்கும், அங்கிருந்து தேனுக்கும் மாறிக்கொண்டே வரும். வெளுத்து, வைக்கோல் நிறத்துக்கு வந்து ஆடத் தொடங்கினால் நிறுத்த வேண்டிய நேரம். முதல் விநாடியிலிருந்தே வெளிறிய தண்ணீர் கொட்டினால் தூள் கரகரப்பு. இருபது விநாடி ஆகியும் சொட்டுக்கூட வராவிட்டால் தூள் மிக நைசு.

காப்பி புளிக்கிறது. சில நாள் கசக்கிறது.

நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று புளித்தால் சாறு முழுதாக இறங்கவில்லை. இன்னும் நைசாக அரையுங்கள், அல்லது மெஷினை இன்னும் கொஞ்சம் சூடாக விடுங்கள். தொண்டையில் கசப்பும் வறட்சியும் நின்றால் தேவைக்கு மேல் இறங்கிவிட்டது, கொஞ்சம் கரகரப்பாக்குங்கள். ஒரே கப்பில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தால் தூளுக்குள் ஓட்டை விழுந்து தண்ணீர் அந்த வழியே ஓடியிருக்கிறது. அரைப்பதை மாற்றாமல், கிளறி மட்டமாக அழுத்துவதைச் சரிசெய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அளவு, அரைப்பு, சூடு மூன்றையும் ஒரே காலையில் மாற்றியவர் மறுநாளும் அதே கேள்வியோடு வருவார்.

கைப்பிடியைக் கழற்றியபோது சூடான சக்கை முகத்தில் தெறித்தது. மெஷின் பழுதா?

பழுதாக இருக்க வேண்டியதில்லை. விலை கூடிய மெஷின்களில் பம்ப் நின்றதும் மிச்ச அழுத்தத்தை வடிதட்டுக்கு வெளியேற்றும் மூவழி வால்வு ஒன்று இருக்கும். ‘புஸ்’ என்ற சத்தத்தோடு பின்புறக் குழாயில் தண்ணீர் விழுவதை வைத்து அதை அறியலாம். அந்த வால்வு இல்லாத மெஷினில் அழுத்தம் தூளுக்கு மேலேயே தங்கிவிடும். கப்பில் சொட்டு நின்ற பிறகு அரை நிமிடமாவது காத்திருங்கள். பின்பு முகத்தை விலக்கி, கைப்பிடியை ஒரு விரற்கடை மட்டும் திருப்பி நிறுத்துங்கள். சீற்றம் அடங்கினால் மேலும் திருப்பலாம்.

காப்பியே இறங்காமல் அடைத்துக்கொண்ட நாளில்தான் ஆபத்து அதிகம். பொறுமை இழந்து உடனே கழற்றக் கை போகும். மெஷினை அணைத்து, நீராவிக் குழாயைத் திறந்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆறிய பிறகும் முன்சொன்னபடி மெல்லத்தான் திருப்ப வேண்டும்.

திருகு மூடி உள்ள நீராவி மெஷினுக்கு இந்த எச்சரிக்கை இரு மடங்கு பொருந்தும். அது சத்தம் வராத பிரஷர் குக்கர்; விசில் அடித்துச் சொல்லாது. இரண்டாவது கப்புக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சூடாக இருக்கும்போதே மூடியைத் திருகுவதைப் போன்ற விபரீதம் வேறில்லை. அணைத்து, நீராவிக் குழாயைத் திறந்து முழுவதும் வெளியேற்றி, மூடி கையில் சுடாத அளவுக்கு ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும்.

பாலை நுரைக்க வைப்பது எப்படி? எனக்குச் சோப்பு நுரைதான் வருகிறது.

பால் குளிர்ந்திருக்க வேண்டும். பாக்கெட் பால் பாஸ்சரைஸ் செய்யப்பட்டதுதான், எனவே காய்ச்சாமல் ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுக்கலாம். காய்ச்சிய பால் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஆடையை முழுவதும் எடுத்துவிட்டுக் குளிர வையுங்கள். கொழுப்பு அதிகமுள்ள பால் வழவழப்பாக வரும்.

முதலில் நீராவிக் குழாயை வெறும் கிண்ணத்திலோ வடிதட்டிலோ இரண்டு விநாடி திறந்து மூடுங்கள். குழாயில் தேங்கிய வெந்நீர் வெளியேறிவிடும். பிறகு குழாயின் நுனியைப் பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றே கீழே, நடுவிலிருந்து கொஞ்சம் ஓரமாக வைத்து முழுவதும் திறக்க வேண்டும். ‘ச்ஸ்... ச்ஸ்...’ என்ற மெல்லிய சத்தம் கேட்டால் காற்று சரியாக ஏறுகிறது. குமிழிகள் பெரிது பெரிதாகக் கொப்பளித்தால் நுனி மேலே வந்துவிட்டது. கிறீச்சென்று அலறினால் காற்றே போகவில்லை. பாத்திரம் உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாகும் வரைதான் காற்று. அதற்குப் பிறகு நுனியை இன்னும் கொஞ்சம் உள்ளே இறக்கிப் பாலைச் சுழலவிட வேண்டும். அந்தச் சுழற்சிதான் பெரிய குமிழிகளை உடைக்கிறது. இதைச் செய்யாமல் விடுபவர்களுக்குத்தான் சோப்பு நுரை.

பாத்திரத்தில் கை வைக்க முடியாத சூடு வந்ததும், அதாவது 60 முதல் 65 டிகிரிக்குள், நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் இனிப்பு மங்கிக் காய்ச்சிய வாடை ஏறும். ஆவி பறக்கும் காப்பிக்குப் பழகிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு 65 டிகிரி ‘ஆறிப்போன’ காப்பிதான். அவர்களுக்கு டம்ளரை வெந்நீரில் அலசிச் சூடாக்கிக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் ஒப்பாவிட்டால் 70 வரை விடலாம், சண்டை வேண்டாம்.

குழாயை மூடிய பிறகே பாத்திரத்தை வெளியே எடுக்க வேண்டும். உடனே ஈரத்துணியால் துடைத்து, இன்னொரு முறை இரண்டு விநாடி நீராவி விடுங்கள். உள்ளே உறிஞ்சப்பட்ட பால் அப்படியே தங்கினால் காய்ந்து அடைக்கும், கெட்டும் போகும்.

பால் நுரைத்த கையோடு அடுத்த காப்பி போட்டால் தீய்ந்த ருசி வருகிறதே?

நீராவிக்காகக் கொதிகலன் 120 டிகிரிக்கு மேல் ஏறியிருக்கிறது. காப்பிக்கு வேண்டியது 90 முதல் 96. கைப்பிடியை மாட்டாமல் பம்பை ஓடவிடுங்கள்; முதலில் ஆவியும் தண்ணீருமாகச் சீறும், சத்தம் அடங்கி வெறும் தண்ணீராக ஒழுகியதும் நிறுத்திக்கொள்ளலாம். கையை அடியில் கொண்டுபோகாதீர்கள். காப்பியை முதலில் இறக்கி, பாலைக் கடைசியில் நுரைப்பது இன்னும் எளிது.

நீராவி பட்டுச் சுட்டுக்கொண்டால்?

ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எரிச்சல் குறைந்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும். பற்பசை, இங்க், இட்லி மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். முகத்தில் பட்டாலோ, குழந்தைக்குப் பட்டாலோ, கொப்புளம் பெரிதானாலோ மருத்துவரிடம் போங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் மெஷினைச் சுவரை ஒட்டித் தள்ளி வைத்து, மின்கம்பி மேடையின் விளிம்பில் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அணைத்த பிறகும் கால் மணி நேரத்துக்கு நீராவிக் குழாய் சுடும் என்பதைக் குழந்தைகள் அறியமாட்டார்கள்.

எந்த பிளக்கில் மாட்டுவது? இன்வெர்ட்டரில் ஓடுமா?

1350 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். அது சின்ன மூன்று துளைச் சாக்கெட்டின் எல்லை. 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்டே நல்லது. எர்த் கட்டாயம் வேண்டும்; தண்ணீரும் மின்சாரமும் ஒரே டப்பாவுக்குள் இருக்கின்றன. மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத பழைய வீடு என்றால் மெஷினுக்கு முன்பு அதை மாட்டுங்கள். மலிவான எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மெஷினையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் சேர்த்து மாட்டினால் பெட்டி உருகும். வீட்டு இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை இந்தச் சுமையைத் தாங்காது.

மின்வெட்டில் ஒரு கண்ணி உண்டு. பழைய பாணி மேல்-கீழ் சுவிட்ச் உள்ள மெஷின், கரண்ட் திரும்பியதும் தானாக ஓடத் தொடங்கும். கரண்ட் போன நேரத்தில் மறந்துவிட்டு வெளியே போனால், பூட்டிய வீட்டில் அது சூடாகிக்கொண்டிருக்கும். எனவே சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

தொட்டியில் எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

மெஷின்களைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது சுண்ணாம்பாகப் படிகிறது. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் பார்ப்பதுதான். மெஷினுக்குள் அது குண்டூசி முனையளவு துளைகளையும் வால்வுகளையும் அடைக்கும்; கொதிகலனின் உட்சுவரில் படிந்து வெப்ப அளவைக் குழப்பும். கடலோரப் பகுதிகளில் இன்னொரு தொல்லை, கரிப்பு. அந்த உப்பில் உள்ள குளோரைடு, துருப்பிடிக்காத எஃகையும் மெல்ல அரிக்கும். வீட்டில் சாஃப்டனர் இருக்கிறது என்பவர்களுக்கு: அது சுண்ணாம்பைத்தான் பிடிக்கும், குளோரைடைத் தொடாது.

அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீரா? ஆம், ஒரு நிபந்தனையோடு. டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் தாதுக்களின் அளவு, மிகக் குறைந்துவிட்டால் காப்பி சப்பென்று இருக்கும். மின்முனை வைத்து நீர்மட்டத்தை அறியும் மெஷின்கள், தாது இல்லாத தண்ணீரைத் தண்ணீர் என்றே உணராமல் ‘தொட்டி காலி’ என்று நின்றுவிடும். லிட்டருக்கு 75 முதல் 150 மில்லிகிராம் என்பது சௌகரியமான அளவு. பல ஆர்.ஓ. கருவிகளில் இதைக் கூட்டிக் குறைக்கும் திருகு உண்டு; சர்வீஸ் செய்ய வருபவரிடம் சொன்னால் சரிசெய்து தருவார். கேன் தண்ணீர் வாங்குபவர்கள் மலிவான டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். கேனுக்குக் கேன் எண் மாறும்.

தொட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். பாலை ஒருபோதும் தொட்டியில் ஊற்றாதீர்கள். இதையும் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

சுண்ணாம்பை எடுக்க வினிகர் ஊற்றலாமா?

வினிகரின் வாடை பல நாளுக்குப் போகாது, ரப்பர் வளையங்களுக்கும் நல்லதல்ல. கையேடு சிட்ரிக் அமிலத்தை அனுமதித்தால் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு போதும்: லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் அளவில் கரைத்து, பாதியைக் குரூப் ஹெட் (கைப்பிடி மாட்டும் இடம்) வழியாகவும் பாதியை நீராவிக் குழாய் வழியாகவும் விட்டு, இடையில் 15 நிமிடம் ஊறவிட்டு, இரண்டு தொட்டி நல்ல தண்ணீரால் அலசுங்கள். கொதிகலன் அலுமினியமா என்று முதலில் பாருங்கள். அலுமினியத்தை அமிலம் தின்னும், அதற்குக் கையேடு சொல்லும் மருந்தையே வாங்குங்கள். கடின நீர் ஊற்றுபவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டியிருக்கும். நல்ல தண்ணீர் என்றால் வருடத்தில் இரண்டு மூன்று முறை.

தினசரிச் சுத்தம்?

சக்கையைத் தட்டிவிட்டுக் கைப்பிடியைக் கழுவுங்கள், கைப்பிடி இல்லாமல் ஐந்து விநாடி தண்ணீர் ஓட்டுங்கள், வடிதட்டைக் காலி செய்யுங்கள். வடிதட்டில் பால் கலந்த தண்ணீர் இரவு தங்கினால் காலையில் எறும்பு வரிசை நிற்கும். கரப்பானுக்கு மெஷினின் பின்புறக் கதகதப்பு மிகவும் பிடிக்கும். சமையலறையில் மருந்து அடிக்கும் நாளில் மெஷினை மூடி வையுங்கள். சக்கையைச் சிங்கில் கொட்டாதீர்கள், குழாய் அடைக்கும். செடிகளுக்கு மண்ணோடு கலந்து போடலாம்.

மூவழி வால்வு உள்ள மெஷினில், துளையில்லாத கிண்ணத்தை மாட்டி, மெஷின் கழுவுவதற்கான பொடியைப் போட்டு வாரம் ஒரு முறை எதிரோட்டமாகக் கழுவ வேண்டும். அந்த வால்வு இல்லாத மெஷினில் இதைச் செய்யக் கூடாது. அழுத்தம் போக வழியில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை கப்?

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பாதுகாப்பானது என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், கர்ப்பிணிகளுக்கு 200. ஒற்றை எஸ்பிரெஸோவில் சுமார் 60 முதல் 80. மேலே சொன்ன 18 கிராம் கணக்கு இரட்டை எஸ்பிரெஸோ என்பதையும், ரோபஸ்டாவில் கஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பிடியின் ஓரத்தில் தண்ணீர் கசிகிறது. சர்வீஸுக்கு அனுப்ப வேண்டுமா?

முதலில் குரூப் ஹெட்டின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் தூளைப் பிரஷ்ஷால் துடையுங்கள். அதற்கும் கசிந்தால் ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் பதியாது. விலை சொற்பம். மெஷின் முழுவதும் ஆறி, பிளக்கையும் பிடுங்கிய பிறகு திருகாணியைக் கழற்றி நீங்களே மாற்றலாம். மெஷினின் உறையைத் திறக்க வேண்டிய எந்த வேலையையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.